மறுக்க முடியாதபடி எழுதுங்கள்: மஸ்ஜித் இந்தியாவின் இளம் நிருபர்களுக்கு

இணையச் செய்தித் தளங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பலர் கிள்ளானிலிருந்தும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் ரயிலேறி வந்து, கோலாலம்பூரின் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கி, ஜவுளிக்கடைகளுக்கும் பூக்கடைகளுக்கும் நடுவே நடந்து செய்தி தேடுகிறவர்கள். கைப்பேசியில் படம் பிடிக்கவும் வெட்டி ஒட்டவும் எழுத்து ஓடவிடவும் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட வேகமாகச் செய்வீர்கள். அந்த வேகத்தை எதற்காகச் செலவிடப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

இந்த நாட்டில் நம் மக்களைப் பற்றிய செய்திகளை எண்ணிப் பாருங்கள். கோயில் நிலம், தோட்டத்து வீடு, பிறப்புச் சான்றிதழ், சிவப்பு அடையாள அட்டை, கொடுக்காத சம்பளம். இவை ஒவ்வொன்றிலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: ஆதாரம் எங்கே? கண்ணீரும் கோபமும் நம்மிடம் எப்போதும் இருந்தன. காகிதம்தான் பல நேரங்களில் இருந்ததில்லை. ஆகவே தமிழ்ச் செய்தி எழுதுகிறவன் செய்தியை மட்டும் தந்தால் போதாது, சான்றையும் சேர்த்து வைக்க வேண்டும். நீங்கள் கற்கும் எந்தக் கருவியையும் இந்த ஒரு நோக்கத்துக்காகக் கற்றுக்கொள்ளுங்கள். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் பழைய தாள்களை இன்றும் நூலகத்தில் புரட்ட முடிகிறது. ஓர் இணையத் தளம் நின்றுபோனால் பத்தாண்டுச் செய்தியும் ஒரே நாளில் போய்விடும். அந்த ஆபத்தோடுதான் நாம் வேலை செய்கிறோம்.

1. அசலைத் தொடாதீர்கள்.

நீங்கள் எடுத்த படமோ காணொளியோ, முதலில் அதன் அசல் கோப்பை அப்படியே ஓரிடத்தில் போட்டு வையுங்கள். வெட்டுவதும் வெளிச்சம் கூட்டுவதும் நகலில் நடக்கட்டும். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், தேதி, நேரம், இடம் இருக்கட்டும். கைப்பேசி தானாகக் கொடுக்கும் எண்ணை வைத்து மூன்று ஆண்டு கழித்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

வாசகர் அனுப்பும் படத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. புலனத்தில் (வாட்ஸ்அப்) சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். எந்தக் கருவியில், எப்போது, எங்கே எடுத்தது என்று படத்துக்குள் பதிந்திருக்கும் தகவலும் உதிர்ந்துவிடும். “அண்ணே, அதையே ‘டாக்குமெண்ட்’டா அனுப்ப முடியுமா?” என்று கேட்டு வாங்குங்கள். ஆவணமாக அனுப்பினால் கோப்பு முழுதாக வரும். இந்த ஒரு வரியைக் கேட்கப் பழகியவருக்குப் பாதி வேலை முடிந்தது.

பேட்டி பதியும்போது தொடக்கத்தில் உங்கள் குரலிலேயே தேதி, நேரம், இடம், பேசுகிறவரின் பெயர் ஆகியவற்றைச் சொல்லிப் பதியுங்கள். பதிவு செய்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் சம்மதம் சொல்வதும் அதே பதிவில் இருக்கட்டும்.

2. கண்டது, கேட்டது, அறிவித்தது என்று பிரித்து எழுதுங்கள்.

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை காலை ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த பெண் ஒருவர் குழிக்குள் விழுந்தார். ஏறக்குறைய 8 மீட்டர் ஆழம். கீழே கழிவுநீர்க் குழாய். தீயணைப்பு மீட்புப் படையும் போலீசும் மாநகர் மன்றமும் கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரின் ஆட்களும் இரவு பகலாகத் தேடினார்கள். தேடுதல் குழாய் வழியே நீண்டு பந்தாய் டாலாம் சுத்திகரிப்பு நிலையம் வரை போனது. 28-ஆம் தேதி, முதல் குழியிலிருந்து சுமார் 50 மீட்டர் தள்ளி இரண்டாவது குழி விழுந்தது. 31-ஆம் தேதி, ஒன்பதாவது நாள், தேடுதல் நிறுத்தப்பட்டது. அவர் கிடைக்கவேயில்லை.

அந்த ஒன்பது நாளை இன்று பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இப்படியொரு சம்பவத்தில் மூன்று வகைத் தகவல் ஒரே நேரத்தில் வந்து கொட்டும். நீங்களே நின்று கண்டது. கடைக்காரரும் வழிப்போக்கரும் சொல்லக் கேட்டது. அதிகாரிகள் செய்தியாளர் கூட்டத்தில் அறிவித்தது. இம்மூன்றையும் கைப்பேசிக் குறிப்பில் மூன்று பத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் போடுங்கள். கடைக்காரர் சொன்னதை அதிகாரி சொன்னதாக எழுதுவது பெரும்பாலும் பொய் சொல்லும் எண்ணத்தால் வருவதில்லை. ஒரே பத்தியில் எல்லாவற்றையும் தட்டிவைத்து, பத்து நிமிடம் கழித்து எது யார் சொன்னது என்று மறந்துபோவதால் வருகிறது.

குழிக்குள் என்ன நடக்கிறது என்று மேலே நிற்கும் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் பேசுவார்கள். “செருப்பு கிடைத்ததாம்”, “குரல் கேட்டதாம்” என்று ‘ஆம்’ போட்டு வருவதை எல்லாம் உங்கள் தலைப்பில் ஏற்றாதீர்கள். மீட்புக் குழு உறுதிசெய்யும் வரை குறிப்பிலேயே கிடக்கட்டும். யாரோ ஒருவருடைய பிள்ளைகள் அந்தத் தலைப்பைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

3. வந்த காணொளியைப் பகிர்வதற்கு முன் அதை விசாரியுங்கள்.

“இதோ இன்னொரு குழி” என்று ஒரு காணொளி வருகிறது. என்ன செய்வீர்கள்?

அனுப்பியவரிடம் முதலில் கேளுங்கள்: நீங்களே எடுத்ததா? எங்கே நின்று எடுத்தீர்கள்? அதற்கு முன்னும் பின்னும் எடுத்த வேறு படம் இருக்கிறதா? சொந்தமாக எடுத்தவர் மூன்றுக்கும் உடனே பதில் சொல்வார். புலனக் குழுவில் வந்ததைத் தள்ளிவிட்டவர் தடுமாறுவார்.

அடுத்து இன்விட் என்ற உலாவி நீட்சியைக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். இலவசம்தான். காணொளியைத் தனித்தனிச் சட்டகங்களாக அது பிரித்துக் கொடுக்கும். அவற்றைக் கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ மூன்றிலும் போட்டுத் தேடுங்கள். ஒன்றில் அகப்படாதது இன்னொன்றில் அகப்படும். பழைய படம் என்றால் பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும். ஒன்றும் அகப்படாவிட்டால் படம் புதியது என்று முடிவுகட்டாதீர்கள். இணையத்தில் இதுவரை யாரும் ஏற்றாத பழைய படமாகவும் இருக்கலாம், இயந்திரம் வரைந்த படமாகவும் இருக்கலாம். தேடல் வெறுங்கையோடு திரும்பினால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான்: இனிமேல்தான் உங்கள் வேலை தொடங்குகிறது.

பிறகு படத்துக்குள் பாருங்கள். கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, நடைபாதைக் கல்லின் நிறம் என்ன, வாகனம் எந்தப் பக்கம் ஓடுகிறது, எண் பலகையின் முதல் எழுத்து எது. கோலாலம்பூரில் பதிந்த வண்டிகள் பல டபிள்யூ, வி என்ற எழுத்துகளில் தொடங்கும், சிலாங்கூர் வண்டி பி-யில் தொடங்கும். அதை மட்டும் வைத்து இடத்தைத் தீர்மானிக்க முடியாது என்றாலும் சந்தேகத்தைக் கிளப்ப அது போதும். மழை பெய்கிறதா என்று பாருங்கள், அன்று அங்கே மழை உண்டா என்று விசாரியுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, எழுந்து போய்ப் பாருங்கள். லண்டனில் உட்கார்ந்து மஸ்ஜித் இந்தியா காணொளியைச் சரிபார்க்கிறவருக்குக் கருவி மட்டும்தான் துணை. உங்களுக்குக் கால் இருக்கிறது, அந்தத் தெருவில் தமிழில் பேசும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள்.

4. நிழலையும் கோணத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

சன்கால்க் என்ற தளத்தில் இடத்தையும் தேதியையும் கொடுத்தால் எந்த மணிக்கு நிழல் எந்தத் திசையில் விழும் என்று காட்டும். நம் ஊருக்கு ஒரு சிறப்பு உண்டு. நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி வைத்தது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றேகால் மணி வாக்கில்தான். நிழல் காலடியில் சுருண்டிருக்கும் படத்தைப் பார்த்துப் பன்னிரண்டு மணி என்று எழுதிவிடாதீர்கள்.

கோணத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2025 ஏப்ரல் 1 காலை புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்தபோது அந்தத் தீப்பிழம்பு தொலைவிலிருந்தும் தெரிந்தது. பலர் பல இடங்களிலிருந்து படமெடுத்தார்கள். அதுபோன்ற படங்களில் இரண்டை எடுத்து, எடுத்தவர் நின்ற இடத்திலிருந்து தீ தெரிந்த திசைக்கு வரைபடத்தில் ஒவ்வொரு கோடு இழுங்கள். இரண்டு கோடும் சந்திக்கும் இடம் தீ எரிந்த இடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு படம் வேறு எதையோ காட்டுகிறது.

5. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் தேடுங்கள்.

தமிழில் மட்டும் தேடினால் தமிழர் சொன்னது மட்டுமே கிடைக்கும். மாநகர் மன்றத்தின் அறிவிப்பு, அமைச்சின் அறிக்கை, நாடாளுமன்றப் பதிலுரை எல்லாம் மலாயில்தான் முதலில் வரும். நில அமிழ்வு என்று நாம் எழுதுவதை அவர்கள் ‘தானா ஜெர்லுஸ்’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லோடு தேடினால்தான் இந்த நகரத்தில் இதற்கு முன் எங்கெங்கே மண் உள்வாங்கியது என்ற பழைய செய்திகள் கிடைக்கும். தமிழிலும் எழுத்துப் பிரச்சினை உண்டு. மஸ்ஜித், மஸ்ஜிட், மசூதி இந்தியா என்று மூன்று விதமாகவும் நம்மவர்கள் எழுதுகிறார்கள். மூன்றையும் போட்டுத் தேடுங்கள். நீங்கள் எழுதும்போது உங்கள் தளத்துக்கு ஒரே வடிவத்தை முடிவுசெய்து அதிலேயே நில்லுங்கள்.

6. காலவரிசை அட்டவணை இல்லாமல் பெரிய செய்தியில் இறங்காதீர்கள்.

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த செய்திதான்.

மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலுள்ள தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் 2025 மார்ச் மாதம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஏறக்குறைய 130 ஆண்டு வரலாறு உடையது என்று கோயில் தரப்பு சொன்னது. அது நின்ற நிலத்தை மாநகர் மன்றம் 2014-இல் ஜாக்கேல் நிறுவனத்துக்கு விற்றிருந்தது. அங்கே பள்ளிவாசல் கட்டப்போவதாக அறிவிப்பு வந்ததும் கொதிப்பு தொடங்கியது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு சுமார் 50 மீட்டர் தள்ளியிருக்கும் மாற்று இடத்துக்குப் போகக் கோயில் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. மார்ச் 27-ஆம் தேதி பிரதமர் அன்வார் இப்ராகிம் மஸ்ஜித் மடானி என்ற அந்தப் பள்ளிவாசலுக்கு அடிக்கல் நாட்டினார்.

நான் இங்கே ஐந்தாறு வாக்கியத்தில் சொன்னது, அந்த வாரங்களில் சமூக ஊடகத்தில் ஆயிரம் துண்டாகச் சிதறிக் கிடந்தது. கோயில் இருந்ததே தவறு என்று ஒருசாரார். கோயிலை இடிக்கப் போகிறார்கள் என்று ஒருசாரார். பழமை, உரிமை, விற்பனை, அனுமதி எல்லாம் ஒன்றோடொன்று குழம்பின. இப்படிப்பட்ட நேரத்தில் உணர்ச்சியைத் தூண்டி எழுத அரை மணி நேரம் போதும். நம் மக்களுக்கு உண்மையில் உதவுவது ஓர் அட்டவணை.

கூகுள் ஷீட்ஸில் ஒன்று தொடங்குங்கள். முதல் பத்தியில் சம்பவம் நடந்த தேதி. இரண்டாவதில் அது சொல்லப்பட்ட தேதி. இவை இரண்டும் வேறு வேறு என்பதை மறக்காதீர்கள். 2014-இல் நடந்த விற்பனையைப் பெரும்பாலோர் 2025-இல்தான் அறிந்தார்கள். மூன்றாவதில் சொன்னவர் யார், எந்தப் பொறுப்பில் இருந்து சொன்னார். நான்காவதில் அவர் சொன்ன வாக்கியம், சொன்ன மொழியிலேயே. ஐந்தாவதில் இணைப்பு. ஆறாவதில் அந்த இணைப்பின் காப்பு நகல். ஏழாவதில் இதை மறுப்பவர் உண்டா, என்ன சொல்கிறார்.

ஆறாவது பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. சூடு தணிந்ததும் பதிவுகள் நீக்கப்படும். மிரட்டியவர் நீக்குவார், வாக்குறுதி கொடுத்தவரும் நீக்குவார். இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் அந்த நேரத்து நகலை எடுத்து வைத்துக்கொள்ளும். முகநூல், டிக்டாக் பதிவுகள் அதில் சரியாகப் பதிவதில்லை. அவற்றுக்குத் திரைப்பதிவு எடுங்கள். கணக்கின் பெயர், முகவரி, நேரம் மூன்றும் தெரிய மெதுவாக உருட்டி எடுங்கள். வெட்டிய ஒரு சிறு திரைப்பிடிப்பை எவரும் போலி என்று சொல்லிவிடலாம்.

இந்த அட்டவணையை வைத்திருக்கும் நிருபரிடம் மலாய், ஆங்கில ஊடகத்தாரும் வந்து கேட்பார்கள். வழக்கறிஞர் கேட்பார். இரு தரப்பாரும் கேட்பார்கள். அப்போது தமிழ்ச் செய்தி மற்றவர்கள் எழுதியதை மொழிபெயர்க்கும் நிலையிலிருந்து வெளியே வரும். எனக்கு இதைவிடப் பெரிய ஆசை இல்லை.

7. அரசாங்கக் காகிதம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்து வையுங்கள்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடலாம். கம்பெனியின் இயக்குநர்கள் யார் என்பதை எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பணம் கட்டி எடுக்கலாம். நாடாளுமன்ற விவாதக் குறிப்பான ஹன்சார்ட் அதன் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. மக்கள்தொகை, வருமானம், வேலை பற்றிய எண்களுக்குப் புள்ளிவிவரத் துறையின் ஓபன்டோசம் இருக்கிறது. கூகுள் எர்த் புரோவில் ஒரே இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாகப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கலாம். ஸ்ட்ரீட் வியூவிலும் முந்தைய ஆண்டுகளின் படங்கள் உண்டு. “இங்கே முன்னாடி ஒண்ணுமே இல்ல” என்று யாராவது சொன்னால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

எந்தக் காகிதத்தையும் எடுத்தவுடன் எடுத்த தேதியை எழுதி வையுங்கள். நில விவரமும் இயக்குநர் பெயரும் மாறிக்கொண்டே இருக்கும்.

8. சாட்சி சொன்ன தொழிலாளியைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

மஸ்ஜித் இந்தியாவில் நடக்கும் எதையும் முதலில் பார்ப்பவர்கள் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவர்கள், ஜவுளிக்கடை வாசலில் நிற்கிறவர்கள், முடிதிருத்துகிறவர்கள். பலர் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர்கள். அந்தப் பெர்மிட் முதலாளியோடு கட்டுண்டது. அவர் உங்களிடம் தமிழில் மனம்விட்டுப் பேசுவார், ஏனென்றால் நீங்கள் அவரை அண்ணன் என்று கூப்பிட்டீர்கள். அந்த நம்பிக்கையால் அவருடைய வேலை போகலாம், ஊருக்கே திருப்பி அனுப்பப்படலாம்.

முகத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். மங்கலாக்கிய முகத்தைத் தெரிந்தவர்கள் அடையாளம் காண்பார்கள். முழுக் கறுப்புக் கட்டமாக மூடுங்கள். சட்டையில் கடைப் பெயர், கழுத்தில் அட்டை, பின்னால் கண்ணாடியில் பிம்பம், கையில் குத்திய பச்சை, இவற்றையும் பாருங்கள். குரலை மாற்றுங்கள், அதைவிட நல்லது அவர் சொன்னதை உங்கள் குரலில் சொல்வது. படத்துக்குள் பதிந்திருக்கும் இடத் தகவலை வெளியிடும் நகலிலிருந்து அகற்றுங்கள். முதல் அறிவுரையில் அசலைத் தொடாதீர்கள் என்றேன். அசல் உங்களிடம் கடவுச்சொல் போட்டு இருக்கட்டும், வெளியே போகும் நகலில் ஒரு தடயமும் இருக்கக்கூடாது. பேசுவதற்கு முன்பே அவரிடம் சொல்லுங்கள்: “அண்ணே, இது இணையத்துல போட்டா ஊர்ல இருக்கிறவங்களும் பார்ப்பாங்க, முதலாளியும் பார்ப்பாரு. யோசிச்சுச் சொல்லுங்க.” அவர் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

விபத்தில் சிக்கியவர் குடும்பத்துக்கும் இதே மரியாதை. குழி விழுந்த அந்த ஆகஸ்ட் மாதம் கண்காணிப்புக் கேமராக் காட்சி ஒன்று எல்லாத் திரையிலும் திரும்பத் திரும்ப ஓடியது. என்ன நடந்தது என்று புரிய ஒரு முறை போதும். பார்வை எண்ணிக்கைக்காக ஒரு மனிதர் விழுவதைச் சுழற்றி ஓடவிடுவது பத்திரிகைத் தொழிலில் சேராது.

9. இயந்திரம் எழுதிக் கொடுப்பதைச் சாட்சியாக வைக்காதீர்கள்.

பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் பெரிய உதவி. விஸ்பர் போன்றவற்றை உங்கள் கணினியிலேயே ஓட்டலாம், ரகசியப் பேட்டியை வெளியே ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் நம் ஆட்கள் பேசும் தமிழ் அதற்குப் புரியாது. “டிபிகேஎல்ல சுராட் கொடுத்தாங்கண்ணே, லைசன் இன்னும் கிடைக்கல” என்று மூன்று மொழி ஒரே மூச்சில் வரும்போது அது தனக்குத் தோன்றியதை எழுதும். பெயரும் எண்ணும் எப்போதும் தடுமாறும். எழுத்தை வைத்துக்கொண்டு ஒலியை மறுபடி கேளுங்கள், மேற்கோள் குறிக்குள் போகும் ஒவ்வொரு வாக்கியத்தையும்.

சாட்ஜிபிடி போன்றவை மலாய் அறிக்கையின் சாரத்தைச் சொல்ல உதவும். ஆனால் யாரும் சொல்லாத மேற்கோளைச் சொன்னதுபோலக் கோத்துக் கொடுக்கவும் அவற்றுக்குத் தெரியும். அறிக்கையின் மூலத்தை நீங்கள் படிக்காமல் ஒரு வரியும் வெளியே போகக்கூடாது. சம்பவ இடத்துப் படம் கிடைக்கவில்லை என்று இயந்திரத்தை வரையச் சொல்லிப் போடுவது எந்தக் குறிப்புரையோடு போட்டாலும் தவறு. அடுத்த நாள் குறிப்புரை உதிர்ந்து படம் மட்டும் சுற்றும்.

10. தமிழைத் தேடக் கிடைக்கும்படி எழுதுங்கள்.

இது நம் வீட்டுப் பெருமையோடு சேர்ந்த விஷயம். கணினியில் தமிழ் தட்ட முரசு அஞ்சலை 1985-இல் உருவாக்கத் தொடங்கிய முத்து நெடுமாறன் மலேசியர். 2005-இல் கைப்பேசிக்குச் செல்லினத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. செல்லியல் செய்தித் தளமும் அந்த வழியில் வந்தது. உலகத்துத் தமிழர்கள் விரலுக்கு எழுத்துக் கொடுத்த ஊரில் இருந்துகொண்டு, நம் தளங்களில் பாதிச் செய்தியைப் படமாகப் போடுகிறோம். வண்ண அட்டையில் தலைப்பும் நான்கு வரியும் அச்சடித்து முகநூலில் ஏற்றிவிட்டுப் போய்விடுகிறோம். பகிர அழகாகத்தான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அந்தச் செய்தியை எந்தத் தேடுபொறியும் எளிதில் கண்டுபிடிக்காது. பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் அதைப் படிக்கத் திணறும்.

அட்டை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே செய்தியை யூனிகோட் எழுத்தில் தளத்திலும் முழுமையாக ஏற்றுங்கள். அச்சுப் பக்கத்துக்கான பழைய எழுத்துருவில் இருப்பதை மாற்றி எடுத்தபின் ‘ஒற்று’ கலைந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

11. சட்டத்தைப் பயத்தோடு அல்ல, தெளிவோடு படியுங்கள்.

தொடர்பு பல்லூடகச் சட்டம் 1998, அதிலும் 233-ஆம் பிரிவு. 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த திருத்தத்தில் அதன் தண்டனை கூடியிருக்கிறது. அதிகாரத்துவ ரகசியச் சட்டம் 1972. சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு, உங்கள் கணக்கிலிருந்து வந்த பதிவு நீங்கள் வெளியிட்டதே என்று அனுமானிக்கிறது. இல்லையென்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பாகிறது. அதனால் அலுவலகப் பக்கத்தின் கடவுச்சொல்லைப் பத்துப் பேர் புலனத்தில் பகிர்ந்து வைத்திருக்காதீர்கள். இரட்டைப் பூட்டுப் போடுங்கள், வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை அன்றே நீக்குங்கள்.

வாசகர் எழுதுவதற்கும் நீங்கள் பொறுப்பாகலாம். 2021 பிப்ரவரி 19 அன்று, வாசகர் கருத்துகளுக்காக மலேசியாகினிக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. வாசகர்கள் சில மணி நேரத்தில் அந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள். இரண்டையும் நினைவில் வையுங்கள். இனம், மதம் சார்ந்த செய்தி போட்ட இரவில் கருத்துப் பகுதியை ஆளில்லாமல் விட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஆள் இல்லையென்றால் மூடி வையுங்கள்.

டிரோன் பறக்கவிட விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். நகர நடுவில் அனுமதியில்லாமல் வேண்டவே வேண்டாம்.

12. திருத்தினால் திருத்தினேன் என்று எழுதுங்கள்.

என்ன தவறாக இருந்தது, எப்போது மாற்றினீர்கள் என்று அதே பக்கத்தின் அடியில் இரண்டு வரி. சத்தமில்லாமல் மாற்றினால் பழைய வடிவத்தின் திரைப்பிடிப்பு எவர் கையிலாவது இருக்கும்.

13. ஒன்றும் நடக்காத நாளில் தெருவைப் படமெடுங்கள்.

யாரும் சொல்லித்தராத வேலை இது. குழி விழுந்த பிறகு எல்லாரும் கேட்டது, அதற்கு முன் அந்த நடைபாதை எப்படி இருந்தது என்பதுதான். கோயில் பிரச்சினையிலும் பழைய படத்துக்குத்தான் அலைந்தார்கள். சம்பவத்துக்குப் பிந்திய படம் ஆயிரம் கிடைக்கும், முந்திய படத்தை எடுத்து வைக்க ஒரு நிருபர் வேண்டும்.

ஆகவே வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே இதைச் செய்யுங்கள். மஸ்ஜித் ஜாமெக் நிலையத்திலிருந்து தொடங்கி ஜாலான் மஸ்ஜித் இந்தியா முழுக்க இரு பக்கமும் நடங்கள். ஒவ்வொரு கடை முகப்பும், ஒவ்வொரு சாக்கடை மூடியும், நடைபாதையில் விரிசல் விட்ட கல்லும், மாநகர் மன்றத்தின் அறிவிப்புப் பலகையும் படத்தில் வரட்டும். மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசல், மலாயன் மேன்ஷன், விஸ்மா யாக்கின், செமுவா ஹவுஸ் என்று அடையாளக் கட்டடம் ஏதாவது ஒன்று ஓரத்தில் தெரியும்படி நின்று எடுத்தால் பிறகு இடம் சொல்வது எளிது. காலையில் கடை திறக்கும் முன் ஒரு முறை, சனிக்கிழமை இரவுச் சந்தை கூடும்போது ஒரு முறை. கடைக்காரரிடம் பெயரும் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்பதும் கேட்டு, அவர் சம்மதித்தால் தொலைபேசி எண்ணும் வாங்கிக் குறித்து வையுங்கள். கோப்புகளை அலுவலகக் கணினியில் ஒன்று, வெளிவட்டில் ஒன்று என இரண்டு இடத்தில் வையுங்கள். மேகச் சேமிப்பும் இருந்தால் மூன்று. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே இடங்களில் நின்று மறுபடி எடுங்கள். மஸ்ஜித் இந்தியா முடிந்ததும் பிரிக்ஃபீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனுக்கும், கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவுக்கும் போங்கள். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் போகாதீர்கள், கூட்டத்தில் நடைபாதையே தெரியாது.